ஊறட்டும், முளைக்க வேண்டாம்

ஆடிப்பட்டம் வந்தால் மாடித்தோட்டக்காரர்களுக்கு விதைப் பாக்கெட் வாங்கும் ஆசை வந்துவிடும். வாங்கிய கையோடு தொட்டி மண்ணில் விரலால் குழி போட்டு, விதையைப் போட்டு மூடி, தண்ணீர் தெளித்துவிடுகிறோம். பத்து நாள் கழித்துப் பாதித் தொட்டி வெறுமையாகக் கிடந்தால் விதைக் கடைக்காரருக்குத் திட்டு விழுகிறது. பல சமயம் அவர் மீது தப்பே இருக்காது. விதைப்பதற்கு முந்தின இரவு செய்ய வேண்டிய வேலையை நாம்தான் விட்டிருப்போம். அதற்கு விதை நேர்த்தி என்று பெயர். அதில் இரண்டு பங்கு உண்டு: விதைக்குள் அளவான ஈரம் ஏற்றுவது ஒன்று, நன்மை செய்யும் நுண்ணுயிர்களை விதையின் மேல் குடியேற்றுவது இன்னொன்று. இரண்டிலும் ஆரம்பிப்பது சுலபம். எந்த நேரத்தில் நிறுத்துவது என்பதில்தான் சூட்சுமம்.

1. முதலில் விதையின் நிறத்தைப் பாருங்கள். இளஞ்சிவப்பு, நீலம், பச்சை என்று சாயம் பூசியதுபோல் இருந்தால் அதில் பூஞ்சைக்கொல்லி தடவியிருக்கிறார்கள் என்று பொருள். அதை ஊறவைத்தால் மருந்து தண்ணீரோடு போய்விடும். அதன்மேல் டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் நுண்ணுயிரைத் தடவுவதும் வீண். டிரைக்கோடெர்மாவும் ஒரு பூஞ்சைதான், மருந்து அதையும் கொன்றுவிடும். சாய விதையை அப்படியே விதைத்துவிட்டுக் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கீழே வரும் குறிப்புகள் எல்லாம் மருந்து தடவாத விதைக்கு மட்டும்.

2. பழைய விதையா? பத்து விதையை ஈரத்துணியில் சுருட்டி வைத்துப் பாருங்கள். எட்டுக்கு மேல் முளைத்தால் கவலையில்லை. ஐந்து முளைத்தால் குழிக்கு இரண்டாகப் போடுங்கள். இரண்டு மூன்றுதான் முளைத்தது என்றால் புது விதை வாங்குவதே புத்திசாலித்தனம். உயிர் போன விதையை எந்த நேர்த்தியும் எழுப்பாது.

3. தண்ணீரில் போட்டு மிதப்பதையெல்லாம் கொட்டிவிடும் பழக்கம் எல்லா விதைக்கும் பொருந்தாது. தக்காளி, கத்தரி, சாமந்தி போன்ற லேசான விதைகள் நல்லதாக இருந்தாலும் கொஞ்ச நேரம் மிதக்கும். நெல்லுக்கு மட்டும் இந்தச் சோதனை அருமையாகப் பலிக்கும். பத்து லிட்டர் தண்ணீரில் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டே வர வேண்டும். உள்ளே போட்ட புது முட்டை மேலே வந்து, பழைய நாலணாக் காசு அகலத்துக்குத் தலை காட்டினால் கரைசல் தயார். ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ உப்புப் பிடிக்கும். அதில் நெல்லைக் கொட்டினால் பதர் மிதக்கும், மணி பிடித்த நெல் அடியில் தங்கும். தங்கிய நெல்லை இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசாமல் விடாதீர்கள். உப்பு ஒட்டியிருந்தால் முளைப்பு கெடும்.

4. விதை எப்படித் தண்ணீர் குடிக்கிறது என்று தெரிந்துகொண்டால் மீதி எல்லாம் சுலபம். பாசிப்பயறு முளைகட்டத் தெரிந்த எவருக்கும் இது புதிதல்ல. முதல் சில மணி நேரம் பயறு மளமளவென்று உப்பும். இது வெறும் ஊறல்தான். உயிரற்ற விதையும் இப்படி உப்பும். அடுத்து, வெளியே பார்த்தால் ஒன்றும் நடக்காததுபோல் ஒரு காலம். உண்மையில் அப்போதுதான் உள்ளே வேலை மும்முரம்: நொதிகள் விழிக்கின்றன, பழுதான செல்கள் சரியாகின்றன, மாவுச்சத்து கரையத் தொடங்குகிறது. மூன்றாவதாக வெள்ளை மூக்கு எட்டிப் பார்க்கும். நமக்கு வேண்டியது இரண்டாம் கட்டம். மூக்கு வந்த பிறகு விதையை உலர்த்தினால் அந்த இளவேர் கருகி, விதையே செத்துப்போகும். மூக்கு வருவதற்கு முன்பு எடுத்து உலர்த்தினால் விதை தாங்கிக்கொள்ளும். மறுபடி ஈரம் கண்டதும் விட்ட இடத்திலிருந்து தொடரும். அதனால்தான் நேர்த்தி செய்த விதை சில நாள் முந்தி முளைக்கிறது; எல்லாம் ஒரே சீராகவும் முளைக்கிறது.

5. எதை எத்தனை மணி நேரம் ஊறவைக்கலாம்? வெண்டை எட்டிலிருந்து பன்னிரண்டு மணி. தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு ஓர் இரவு. சுரை, புடலை, பீர்க்கன், பூசணிக்குப் பன்னிரண்டு மணி. பாகலுக்கு மட்டும் ஒரு முழுநாள் வரை போகலாம். கொண்டைக்கடலைக்கு எட்டு மணி போதும். மக்காச்சோளம் பன்னிரண்டு முதல் பதினெட்டு. முருங்கை விதை ஓர் இரவு. இரவு சாப்பாடு முடிந்து ஊறப்போட்டு, காலையில் காபி குடித்துவிட்டு எடுத்தால் பெரும்பாலான காய்கறி விதைக்குக் கணக்குச் சரியாக இருக்கும். "இன்னும் கொஞ்சம் ஊறட்டுமே" என்ற தாராளம் மட்டும் வேண்டாம்.

6. அவரை, காராமணி, கொத்தவரை, பீன்ஸ், நிலக்கடலை இவற்றைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தோல் மெல்லியது, பருப்பு பெரியது. காய்ந்த பருப்பு ஒரேயடியாகத் தண்ணீரை உறிஞ்சினால் உள்ளே விரிசல் விட்டு, சத்தெல்லாம் தண்ணீரில் கசிந்துவிடும். அந்தத் தண்ணீர் கலங்கி, நுரைத்து, புளிப்பு வாடை அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். இவற்றை இரவெல்லாம் மூழ்கவிடாமல் மூன்று மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். ஈரத்துணிக்கு நடுவில் பரப்பி வைத்தால் இன்னும் நல்லது. மெதுவாகக் குடிக்கும், மூச்சும் முட்டாது. நிலக்கடலையை விதைக்கும் அன்றுதான் உடைக்க வேண்டும். சிவப்புத் தோல் உரிந்த பருப்பைச் சமையலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

7. ஊறும்போதும் விதை மூச்சு விடுகிறது. ஆழமான டம்ளரில் தண்ணீரை ஊற்றி அடியில் விதையைப் போட்டு வைத்தால் காற்றுக் கிடைக்காது. அகலமான தட்டில் விதை மூழ்கும் அளவு தண்ணீர் போதும். செம்புப் பாத்திரம் வேண்டவே வேண்டாம். செம்பு நுண்ணுயிரைக் கொல்லும். குடிதண்ணீருக்குச் செம்புக்குடத்தை நாம் கொண்டாடுவதும் அதே காரணத்துக்காகத்தானே. எவர்சில்வர், மண்சட்டி, பிளாஸ்டிக் எதுவும் சரி. குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை அடித்தால் ஓர் இரவு திறந்து வைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். மழைத்தண்ணீர் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம்.

8. பாகல், பீர்க்கன் விதைகளின் ஓடு கெட்டி. கூர்முனைப் பக்கத்தில்தான் முளை இருக்கிறது. அந்த ஓரத்து ஓட்டை மட்டும் நகவெட்டியால் மெல்லக் கிள்ளி, உள்ளே பருப்பில் படாமல் திறந்துவிட்டு ஊறவையுங்கள். இந்த விதைகளைப் பாலில் ஊறவைக்கும் வழக்கம் இங்கு மட்டும் இல்லை. கிறிஸ்து பிறப்பதற்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே கிரேக்கத்தின் தியோஃப்ராஸ்டஸ், வெள்ளரி விதையைப் பாலிலோ தண்ணீரிலோ ஊறவைத்தால் சீக்கிரம் முளைக்கும் என்று எழுதிவைத்திருக்கிறார். பாலா தண்ணீரா என்று கேட்டால் தண்ணீர் என்பேன். நம் ஊர் வெயிலுக்குப் பால் திரிந்து, விதைமேல் பூசணம் பிடிப்பதுதான் மிச்சம்.

9. மளிகைக் கடைக் கொத்தமல்லியை விதைத்தும் முளைக்கவில்லையா? அந்த உருண்டைக்குள் இரண்டு விதைகள் இருக்கின்றன. துணியில் போட்டு உருட்டுக்கட்டையால் லேசாக உருட்டி இரண்டாகப் பிளந்து, பன்னிரண்டு மணி நேரம் ஊறவைத்து விதையுங்கள்.

10. துளசி, திருநீற்றுப்பச்சிலை விதைகளை ஊறவைக்காதீர்கள். சுற்றிலும் கொழகொழவென்று கட்டிக்கொண்டு, பிரித்துப் போடவே முடியாது. கீரை விதைக்கும் ஊறல் தேவையில்லை. காய்ந்த மணலோடு கலந்து தூவினால் போதும்.

11. மிளகாய், தக்காளி, கேரட் போன்ற பொடி விதைகளுக்குத் தண்ணீரில் ஊறவைப்பதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. 1973-இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஹெய்டெக்கர் குழுவினர், விதை வேண்டிய மட்டும் தண்ணீர் குடிக்க முடியாதபடி பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற வேதிப்பொருளைக் கரைத்து, அந்தக் கரைசலில் விதையைப் பல நாள் வைத்தார்கள். விதை விழித்தது, ஆனால் முளைவிடும் அளவுக்கு ஈரம் ஏறவில்லை. விதைக் கம்பெனிகள் இன்றும் செய்வது ஏறக்குறைய இதைத்தான். வீட்டில் அந்த வேலையைத் தென்னை நார்க்கழிவு செய்துவிடும். நனைத்த நார்க்கழிவை உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பிழியுங்கள். சொட்டு விழக்கூடாது, ஆனால் கை ஈரமாக வேண்டும். ஒரு பங்கு விதைக்கு மூன்று நான்கு பங்கு நார்க்கழிவு கலந்து, காற்று போகும்படி தளர்வாக மூடிய டப்பாவில் நிழலில் வையுங்கள். தக்காளி, கத்தரிக்கு இரண்டு நாள்; மிளகாய், கேரட்டுக்கு மூன்று நாளுக்குள். தினம் ஒரு தடவை திறந்து பாருங்கள். எங்காவது வெள்ளை தெரிந்தால் நாள்கணக்கை மறந்துவிட்டு அன்றே விதைத்துவிடுங்கள். நார்க்கழிவோடு சேர்த்தே தூவலாம். பொறுக்கிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

12. ஊறின விதையை உலர்த்துவது என்றால் நிழலில், மின்விசிறிக் காற்றில், பருத்தித்துணி மேல். வெயில் கூடாது. மறுநாளே விதைப்பதானால் மேல் ஈரம் போய் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருந்தாலே போதும்.

13. நேர்த்தி செய்த விதையைச் சேமிக்க நினைக்காதீர்கள். விழித்த விதையின் ஆயுள் குறைவு. தேவைக்கு மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியை ஊறவைக்காமல் பாக்கெட்டிலேயே விட்டுவிடுங்கள்.

14. இனி நுண்ணுயிர்கள். கடையில் அடுக்கி வைத்திருக்கும் பாக்கெட்டுகளில் எது எதற்கு என்று தெரியாமல் எல்லாவற்றையும் வாங்கிவிடுகிறோம். நாற்று முளைத்து இரண்டிலை விட்டதும் தண்டு கருத்து மடிந்து விழுகிறதே, அந்த நாற்றழுகலுக்குக் காரணம் பித்தியம் போன்ற மண் பூஞ்சாணங்கள். அதைத் தடுக்க டிரைக்கோடெர்மா விரிடி, சூடோமோனாஸ் புளோரசன்ஸ் இரண்டில் ஒன்று போதும். அசோஸ்பைரில்லம் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடிக்கும், வேரையும் பெருக்கும். நெல், சிறுதானியம், காய்கறிக்கு உகந்தது. பாஸ்போபாக்டீரியா மண்ணில் சிக்கிக் கிடக்கும் மணிச்சத்தைக் கரைத்துத் தரும். ரைசோபியம் பயறு வகைக்கு மட்டும். வெண்டைக்கும் கத்தரிக்கும் ரைசோபியம் வாங்குவது காசுக்குப் பிடித்த கேடு. பயறிலும் எல்லாவற்றுக்கும் ஒரே ரைசோபியம் ஒத்துவராது: உளுந்து, பாசிப்பயறு, காராமணி ஒரு கூட்டம், கொண்டைக்கடலைக்கு வேறு, சோயாவுக்கு வேறு. எந்தப் பயிருக்கு என்று கேட்டு வாங்குங்கள்.

15. தயாரித்த தேதியைப் பார்க்காமல் பாக்கெட்டைக் கையில் வாங்காதீர்கள். உள்ளே இருப்பது உயிர். காலாவதியானால் அது வெறும் மாவு. கடை வாசலில் வெயிலில் தொங்கும் பாக்கெட் தேதி தாண்டாவிட்டாலும் வேண்டாம். அரசின் வேளாண் விரிவாக்க மையங்களில் குறைந்த விலைக்குக் கிடைக்கும். வீட்டில் அடுப்படி மேடையில் வைக்காமல், இருட்டான குளிர்ந்த அலமாரியில் வையுங்கள். உறைய வைக்கும் பெட்டியிலும் வைக்காதீர்கள்.

16. எவ்வளவு போட வேண்டும்? ஒரு கிலோ விதைக்கு டிரைக்கோடெர்மா 4 கிராம், சூடோமோனாஸ் என்றால் 10 கிராம் என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. மாடித்தோட்டக்காரர் விதைக்கும் நூறு வெண்டை விதை ஆறேழு கிராம்தான் இருக்கும். கணக்குப் போட்டால் ஒரு சிட்டிகைகூட அதிகம். தேக்கரண்டி தேக்கரண்டியாகக் கொட்டினால் பாக்கெட்டில் நுண்ணுயிரோடு கலந்திருக்கும் டால்க் மாவுதான் விதையைச் சுற்றி அடை கட்டும்.

17. ஈரமும் நுண்ணுயிரும் ஒன்றுசேரும் முறைதான் இந்தப் பட்டியலில் உச்சம். 1990-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் இனிப்பு மக்காச்சோள விதையில் சூடோமோனாஸைப் பூசி, ஈரத்தில் வைத்திருந்து விதைத்து, பித்தியத்தால் விதை மண்ணுக்குள்ளேயே அழுகுவதைத் தடுத்துக் காட்டினார்கள். உலர்ந்த விதையில் தடவினால் நுண்ணுயிர் தூங்கிக்கொண்டே மண்ணுக்குப் போகும். ஊறிய விதையில் தடவி ஈரத்தில் வைத்தால், விதையிலிருந்து கசியும் சர்க்கரையைத் தின்று பெருகி, விதையைச் சுற்றிக் கவசம் போட்டுக்கொண்டு போகும். செய்முறை இதுதான். வெண்டையோ கத்தரியோ எட்டு மணி நேரம் ஊறவைத்து வடிகட்டுங்கள். சிட்டிகைக்கும் குறைவாக டிரைக்கோடெர்மாவையோ சூடோமோனாஸையோ தூவிப் புரட்டுங்கள். தட்டில் குவித்து, நனைத்துப் பிழிந்த சணல் சாக்குத் துண்டால் மூடுங்கள். 25 முதல் 32 டிகிரி வெப்பம் வேண்டும். நம் வீட்டு நிழலே போதும். புத்தகங்களில் 48 மணி நேரம் என்றிருக்கும். நம் ஊர்ச் சூட்டில் வெண்டை அதற்குள் முளைவிட்டுவிடும். ஆகவே பன்னிரண்டு மணிக்கு ஒருமுறை சாக்கை விலக்கிப் பார்த்து, 24 மணி நேரத்தில் நிறுத்திவிடுவதே நல்லது. சாக்கு காய்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். பிறகு உலர்த்த வேண்டாம், நேராக விதைத்துவிடுங்கள்.

18. பயறு விதையை இத்தனை நேரம் ஈரத்தில் வைக்க முடியாது. அதற்கு வடிகஞ்சி. நன்றாக ஆறிய, உப்புப் போடாத கஞ்சியில் ரைசோபியத்தைக் குழைத்து, விதைமேல் படும்படி பிசிறி, அரைமணி நேரம் நிழலில் உலர்த்தி உடனே விதையுங்கள். கஞ்சி சூடாக இருந்தால் நுண்ணுயிர் வெந்துவிடும். பலன் தெரிய முப்பது, நாற்பது நாள் கழித்து ஒரு செடியை மெல்லத் தோண்டி எடுத்து வேர்முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் இல்லை. யூரியா போட்ட தொட்டியில் முடிச்சையே தேட வேண்டியிருக்கும். இலவசமாகத் தழைச்சத்து கிடைக்கும்போது செடி எதற்கு ரைசோபியத்துக்குச் சோறு போடும்?

19. வேம் எனப்படும் வேர்ப்பூசணத்தை விதையில் தடவிப் பயனில்லை. அதற்கு உயிருள்ள வேர் வேண்டும். விதைக்குக் கீழே குழியில் போட்டால் வேர் இறங்கி வந்து தொடும். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, கடுகு குடும்பத்துக்கு வேம் ஒட்டவே ஒட்டாது, வாங்கவே வேண்டாம்.

20. மாடு வைத்திருப்பவர்களுக்குப் பாக்கெட்டே தேவையில்லை, பீஜாமிர்தம் இருக்கிறது. 20 லிட்டர் தண்ணீருக்குச் சாணம் 5 கிலோ, கோமியம் 5 லிட்டர், சுண்ணாம்பு 50 கிராம், வரப்பு மண் ஒரு பிடி என்பது அதன் அளவு. மாடிக்கு நூறில் ஒரு பங்கு போதும்: 200 மில்லி தண்ணீர், 50 கிராம் சாணம், 50 மில்லி கோமியம், வெற்றிலைக்குத் தடவும் அளவு சுண்ணாம்பு, ஒரு சிட்டிகை மண். இரவு கலந்து வைத்து, காலையில் கலக்கி விதையை நனைத்து நிழலில் உலர்த்துங்கள். பயறு விதையை முக்கியவுடன் எடுத்துவிட வேண்டும். இதில் எந்த நுண்ணுயிர் எவ்வளவு இருக்கிறது என்பது மாட்டுக்கு மாடு மாறும். ஆகவே நாற்றழுகல் கண்ட தொட்டி என்றால் நான் டிரைக்கோடெர்மாவைத்தான் எடுப்பேன். வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

21. சொந்தச் செடியிலிருந்து எடுத்த தக்காளி, கத்தரி விதையில் பாக்டீரியா நோய் இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால், 50 டிகிரி வெந்நீரில் 25 நிமிடம் வைத்தெடுங்கள். பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டால் சூடு நிற்கும். வெப்பமானி இல்லாமல் இதில் இறங்காதீர்கள். ஐந்து டிகிரி கூடினால் விதை வெந்துவிடும், ஐந்து டிகிரி குறைந்தால் நோய் தப்பிவிடும். வெந்நீர் முதலில், ஊறல் அடுத்து, நுண்ணுயிர் கடைசியில். இந்த வரிசை மாறக்கூடாது.

22. நேர்த்தி செய்த விதையைக் காய்ந்த மண்ணில் போட்டால் அத்தனை பாடும் வீண். தொட்டியை முந்தின நாளே நனைத்து வையுங்கள். சாயங்காலம் வெயில் இறங்கியபின் விதையுங்கள். நேர் வெயில் பாக்டீரியாவுக்கு ஆகாது. விதையின் பருமனைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆழம் போதும். முளை வரும்வரை மேல்மண் காயக்கூடாது, சேறாகவும் கூடாது.

23. மீந்த விதையைச் சுண்டலுக்குப் போடாதீர்கள். நுண்ணுயிரோ சாணமோ பட்டது சாப்பிட அல்ல. மண்ணில் எங்காவது ஊன்றிவிடுங்கள்.

24. இத்தனையையும் ஒரே பட்டத்தில் செய்து பார்க்க வேண்டியதில்லை. இந்த முறை வெண்டையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பாக்கெட்டிலிருந்து இருபது விதையை 17-ஆம் குறிப்பின்படி நேர்த்தி செய்து ஒரு பையிலும், இருபதை அப்படியே பக்கத்துப் பையிலும் ஒரே மாலையில் விதையுங்கள். எது என்று பெயர் எழுதிச் செருகிவையுங்கள். பத்தாவது நாள் இரண்டு பைகளையும் எண்ணிப் பார்த்துவிட்டு, அடுத்த பட்டத்துக்கு எந்த வழி என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.